ஈரல் பொருத்தம்

பிள்ளை பிறந்த அன்று எனக்கு ஜன்னி கண்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன், காலைப் பிடிக்க ஆள் போதவில்லை என்றெல்லாம் என் வீட்டுக்காரர் கொம்பையா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கண் விழித்தபோது வாயெல்லாம் ரத்தச் சுவை. பக்கத்துத் தொட்டிலில் மகள் அழுதுகொண்டிருந்தாள். பிரஷர் இன்னும் இறங்கவில்லை, அடுத்த சில நாட்களில் இன்னும் ஏறத்தான் பார்க்கும், மறுபடி ஜன்னி வந்தால் மூளையில் ரத்தம் கசியலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அந்தப் பயத்தோடு கிடந்த நேரத்தில் கிருபா சிஸ்டர் வந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் இல்லை. 'இணைநாடி' என்கிற கம்பெனி நர்ஸ். சென்னையில் பிரசவ வார்டு இருக்கிற இடத்தில் எல்லாம் அந்தக் கம்பெனி ஆட்களும் இருப்பார்கள்.

"உங்க டெஸ்ட் எல்லாம் பாத்தோம்மா. ஒருத்தங்களுக்கு அப்படியே பொருந்துது" என்றார்.

"ரத்தம் வேணுமா? என்கிட்ட எடுங்க சிஸ்டர், அவ கிடக்கட்டும்" என்று சட்டைக் கையைச் சுருட்டினார் கொம்பையா.

"ரத்தம் இல்ல சார். ஈரல்."

கொம்பையா தொட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார்.

"ஐயோ, எடுக்க மாட்டோம் சார். அது அவங்களுக்குள்ளேயேதான் இருக்கும். எப்படி வேலை செய்யுதுன்னு மட்டும் பாப்போம்" என்று சிரித்த கிருபா சிஸ்டர், என் கட்டிலிலேயே உட்கார்ந்து விளக்கினார். "வயித்துல குழந்தை இருக்கும்போது ஈரலும் கிட்னியும் வழக்கத்தை விட வேகமா வேலை பாக்கும். பிரஷர் மருந்து குடுத்தா சீக்கிரமே கரைச்சு வெளிய தள்ளிடும். அதனால கூடுதலா குடுப்போம். குழந்தை பிறந்ததும் அந்த வேகம் கொஞ்சம் கொஞ்சமா குறையும். எந்த நாள் எவ்வளவு குறையும்? அது யாருக்கும் தெரியாது. நேத்து சரியா இருந்த அளவு இன்னைக்கு ஜாஸ்தி ஆயிடும். ஜாஸ்தியானா மயக்கம். பயந்து குறைச்சா ஜன்னி."

"பிறகு எப்படிக் குடுப்பிய?" என்றேன்.

"ஒரே மாதிரி ஈரல் இருக்கற ரெண்டு பேரைச் சேத்துடுவோம். ஒருத்தங்க ஒரு நாள் முன்னாடி பெத்திருக்கணும். இன்னைக்கு அவங்க உடம்பு மருந்தை என்ன பண்ணுதோ, நாளைக்கு மத்தவங்க உடம்பும் அதையே பண்ணும். முன்னாடி போறவங்களை முன்னோடின்னு சொல்லுவோம். நீங்க முன்னோடி."

"எனக்கு மருந்து யாரு கணக்குப் பண்ணுவா?"

"மெஷின் பாத்துப் பாத்துப் போடும்மா. கைல ஒரு பேட்ச் ஒட்டுவோம். மருந்தும் அதுலதான், அளவு பாக்கறதும் அதுலதான். தங்கறதுக்கு ரூம், சாப்பாடு, தாய்ப்பால் டெஸ்ட், எல்லாம் கம்பெனி."

கொம்பையா தொட்டிலை விட்டு நகர்ந்தார். "ஊர்ல ஜாதகப் பொருத்தம் பாப்பாவ. இங்க ஈரல் பொருத்தம் பாக்காவ. பத்துக்கு எத்தன சிஸ்டர்?"

"பத்துக்குப் பத்து சார்."

"எங்களுக்கே ஏழுதான் பொருந்துச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். நாக்கு வலித்தது.

என்னோடு பொருந்தியவர் பெயர் வைதேகி. கடற்கரைச் சாலையில் மேகம் தொடும் கட்டடம் ஒன்றில் வீடு. கம்பெனி அறைக்குப் போன அன்றே சுவர்த் திரையில் வந்தார். என் வயதுதான் இருக்கும். மடியில் ஒரு பையன். பின்னால் அவருடைய அம்மா நின்றார்.

"எந்தப் பக்கம்மா நீங்க?" என்றார் அம்மா.

"எட்டயபுரம் பக்கம்மா."

"எட்டயபுரத்துல..." என்று இழுத்தார். என்ன ஆட்கள் என்று கேட்கத்தான் அந்த இழுப்பு. வைதேகி திரும்பி, "அம்மா, ஈரலுக்கு அதெல்லாம் தெரியாது. பேசாம இரு" என்றார். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போயிற்று. மேடம் என்று கூப்பிட வேண்டாம் என்றார். "பிள்ளை பெத்ததுல நீங்கதான் ஒரு நாள் மூத்தவங்க. நான்தான் உங்கள அக்கான்னு கூப்பிடணும்" என்றார். ஆனாலும் எனக்கு மேடம்தான் வாயில் வந்தது.

பேட்ச் ஒட்டிய பிறகு நாட்கள் எனக்கு நேராக நிற்கவில்லை. ஒரு நாள் தலை பிளக்கும். பார்வையில் பூச்சி பறக்கும். மெஷின் அளவைக் கூட்டும். மறுநாள் எழுந்து நின்றால் தரை சாய்ந்து வரும். பிள்ளையைத் தூக்கப் பயந்து படுத்தபடியே பால் கொடுப்பேன். மெஷின் அளவைக் குறைக்கும். தினமும் சாயங்காலம் வைதேகி திரையில் வந்து, இன்று எப்படி இருந்தது என்று அக்கறையாகக் கேட்பார்.

"மத்தியானம் ரொம்பத் தலை சுத்திட்டு மேடம்."

"ஐயோ. அப்போ நாளைக்கு எனக்கும் சுத்துமா?"

"உங்களுக்குச் சுத்தாது மேடம். எனக்குச் சுத்திட்டுல்லா. உங்களுக்கு அளவைச் சரிபண்ணிருப்பாவ."

அவர் முகம் சுருங்கியது. தன் மகனின் சாக்ஸைச் சரிசெய்தார். நான் குத்திக்காட்டவில்லை. நடப்பதைத்தான் சொன்னேன். அவர் எழுந்து நடந்தார், சிரித்தார், ஜன்னலோரம் பிள்ளைக்கு வெயில் காட்டினார். எனக்குத் தட்டாமாலை சுற்றியதெல்லாம் அவருக்கு நேர்ச் சாலையாகப் போயிற்று.

சாப்பாடும் அவர் சாப்பிடுவதையேதான் நானும் சாப்பிட வேண்டும். சாப்பாடு மாறினால் ஈரல் மருந்தைக் கரைக்கும் வேகமும் மாறிவிடுமாம். ஓட்ஸ் கஞ்சி, வேகவைத்த பச்சைக் காய், உப்பில்லாத சூப். கொம்பையாவின் அக்கா செல்லக்கனி மதினி பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்தபோது, என் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் பார்த்தார்.

"என்னட்டி இது, தவிட்டத் தண்ணியில கரைச்சு வச்சிருக்காவ? பெத்த வயித்துக்குப் பூண்டு இல்ல, சுறாப் புட்டு இல்ல. நீ பிள்ள பெத்தியா, வயித்துவலிக்காரி வீட்ல விருந்துக்கு வந்தியா?"

"அந்த மேடம் திங்கததுதான் மதினி நானும் திங்கணும்."

"அவ திங்கத நீ தின்னா, உன் பிள்ளைக்குப் பால் அவளா குடுப்பா?"

சாப்பாட்டில் கைவைக்கக் கூடாது என்று கொம்பையா கெஞ்சினார். மதினி ஒத்துக்கொண்டார். ஆனால் வேதுத்தண்ணி ஊற்றாமல் ஊருக்குப் போக மாட்டேன் என்றார். நொச்சியும் புளியிலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை, தாங்குகிற சூட்டில் இடுப்பிலும் முதுகிலும் ஓங்கி அடிக்க வேண்டும். பெற்ற உடம்பு அப்போதுதான் கூடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இலையெல்லாம் ஊரிலிருந்தே பையில் கொண்டுவந்திருந்தார்.

கொம்பையா வேலைக்குப் போன ஒரு காலையில் அது நடந்தது. மதினி ஒன்றும் கவனமில்லாத ஆள் இல்லை. என் கையில் இருந்த பேட்சை உற்றுப் பார்த்து, "இதுல தண்ணி பட்டா கெட்டுப் போவும்லா?" என்று கேட்டுவிட்டு, பிளாஸ்டிக் பையைக் கிழித்து அதன்மேல் சுற்றி, டேப் போட்டு இறுக்கி ஒட்டினார். ஒரு சொட்டுப் போகாது. அந்த நிம்மதியில் தோள், முதுகு, கை என்று எங்கும் ஊற்றினார். பிறகு துண்டை வெந்நீரில் பிழிந்து, பிளாஸ்டிக்கின் மேலேயே ஒத்தடம் கொடுத்தார். நாட்கணக்கில் இறுகிக் கிடந்த உடம்பு அவிழ்ந்தது. நான் சுகத்தில் கண்ணை மூடினேன். மூடிய கண் திறக்கவில்லை.

முகத்தில் தண்ணீர் தெளித்து மதினி கன்னத்தில் தட்டிக்கொண்டிருந்தார். "ஏட்டி ஆவுட! ஆவுடச்செல்வி! முழிச்சிப் பாருட்டி!" குளியலறைத் தரையில் கிடந்தேன். கை கால் என்னுடையதாக இல்லை. கட்டிலுக்கு வந்து படுத்து, காலை உயர்த்தி வைத்து, வெகுநேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

மத்தியானம் திரையில் ஒரு செய்தி வந்தது. பூங்கொத்துப் படத்தோடு. வாழ்த்துகள், உங்கள் உடல் இயல்பு நிலைக்குத் திரும்புகிறது, மருந்து உடலில் அதிக நேரம் தங்குகிறது, இன்று முதல் உங்கள் அளவு குறைக்கப்படுகிறது.

மதினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தியா! எத்தன நாளா மருந்தப் போட்டு உருட்டிட்டு இருந்தாவ. ஒரு கொப்பறைத் தண்ணியில இறக்கிட்டேன். சொல்லு உன் கம்பெனிக்காரிகிட்ட" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சாயங்காலம் வைதேகி வழக்கத்தைவிடச் சந்தோஷமாகத் திரையில் வந்தார்.

"ஆவுடை, எனக்கும் மெசேஜ் வந்துடுச்சு! நாளைலேர்ந்து பாதி மருந்துதான். உங்க புண்ணியம்."

சரி என்று தலையாட்டினேன். தலையாட்டும்போது பின்மண்டையில் விண் விண் என்று தெறித்தது. அந்த வலி எனக்குத் தெரிந்த வலி. பார்வையின் ஓரத்தில் பூச்சியும் வந்துவிட்டது. என் உடம்பு இயல்புக்குத் திரும்பவே இல்லை. பிரஷர் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. ஈரல் அதே வேகத்தில் மருந்தைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. காலையில் என்னைச் சாய்த்தது வேறு ஏதோ ஒன்று. பேட்ச் மேல் ஒத்தடம் பட்டதும்தானே விழுந்தேன்? சூடுதான். வெந்நீர் பேட்சிலிருந்து மருந்தை மொத்தமாக உள்ளே இறக்கியிருக்கிறது. மெஷினுக்கு வெந்நீர் தெரியாது. மருந்து கூடியதை மட்டும் பார்த்து, இவள் உடம்பு மருந்தைக் கரைக்கவில்லை என்று முடிவுகட்டிவிட்டது. நாளைக்கு வைதேகிக்குப் பாதி மருந்து.

கொம்பையா வந்ததும் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றாமலேயே நின்றார்.

"சொன்னா என்ன ஆவும்?"

"என்னைய நீக்கிருவாவ. கணக்கைக் கெடுத்த உடம்ப வச்சுக்க மாட்டாவன்னு கிருபா சிஸ்டர் முன்னாடியே சொல்லிருக்காவ."

"நீக்குனா மருந்து?"

பெரியாஸ்பத்திரியில் மாத்திரை உண்டு. ஆனால் இவ்வளவு நாள் மெஷின் ஏற்றி இறக்கிய உடம்புக்கு எந்த அளவில் தொடங்குவது என்று அங்கே யாருக்குத் தெரியும்?

"ஏளா, நீ வெட்டிவெட்டி இழுத்தத நான் பாத்திருக்கேன். நீ பாக்கல" என்றார். "இன்னொரு தடவ பாக்க என்னால முடியாது."

"அவளுக்கு வீடு பூரா டாக்டரு நிப்பான். நமக்கு யாரு நிப்பா? வாய மூடிட்டுக் கிட" என்றார் மதினி. கோபமாகச் சொல்லவில்லை. தான் ஊற்றிய தண்ணீர் என்று அவருக்குத் தெரியும். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

பிள்ளை பால் குடித்தது. அவளை விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று நினைத்தேன். அதே நினைப்பில் வைதேகி பையனின் சாக்ஸ் வந்து நின்றது. திரையில் கூப்பிட்டேன். வைதேகியின் அம்மாதான் எடுத்தார்.

"அம்மா, மேடத்துக்கு மருந்தக் குறைக்க வேண்டாம். என் அளவு தப்பு. பேட்ச் மேல வெந்நீர் ஊத்திட்டோம். அதுனால கூடிருக்கு."

"வெந்நீரா? மருந்து ஒட்டின எடத்துலயா? அறிவு இருக்கா உங்களுக்கெல்லாம்? எம்பொண்ணு உசிரு அது!"

"ஆமாம்மா. அதுக்குத்தான் சொல்லுதேன்."

திரை அணைந்துவிட்டது.

மறுநாள் காலை கிருபா சிஸ்டர் வந்தார். முகத்தைப் பார்க்காமல் பேட்சை உரித்தார். அந்த இடம் சதுரமாகச் சிவந்திருந்தது.

"சூடு பட்டா தோலுக்கடியில ரத்தம் வேகமா ஓடும்மா. மருந்து அள்ளிக்கிட்டுப் போயிடும். பிச்சுடாதீங்கன்னு சொன்னேன். வெந்நீர் படக் கூடாதுன்னு சொல்லல. யாரு இப்படிக் குளிப்பாங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்ல."

"பிள்ள பெத்தவ எல்லாரும் இப்படித்தான் குளிப்பா" என்றார் மதினி.

"மேடம் எப்படி இருக்காவ?" என்று நான் கேட்டேன்.

"நல்லா இருக்காங்க. நேத்தே சொன்னீங்க, பொழைச்சாங்க. வேற முன்னோடி போட்டாச்சு." கதவு வரை போனவர் திரும்பி, "சொல்லாமலும் இருந்திருக்கலாம் நீங்க. பெரியாஸ்பத்திரிக்கு இன்னைக்கே போயிடுங்க" என்றார்.

போனோம். வராந்தாவில் பாயை விரித்துக் காத்திருந்தோம். பார்த்த டாக்டர் இளம்பெண். நல்லவர்தான். முந்தைய அளவுகளைக் கேட்டு கம்பெனிக்குப் போன் செய்தார். தர முடியாது, அது இன்னொருவரின் சிகிச்சைத் தகவல் என்றார்கள். என் உடம்பின் கணக்கு வைதேகியின் சொத்தாம். டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கொடுக்கும் மாத்திரையையே எனக்கும் எழுதினார். அன்றும் மறுநாளும் தலைவலி இறங்கவில்லை. கொம்பையா வேலைக்குப் போகாமல் என் கால்மாட்டிலேயே, கைகள் தயாராக, உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் கிருபா சிஸ்டர் தேடிக்கொண்டு அங்கேயே வந்தார். இந்தத் தடவை முகமெல்லாம் சிரிப்பு. பையிலிருந்து புது பேட்ச் எடுத்தார்.

"வைதேகி மேடம் கம்பெனியில சண்டையே போட்டுட்டாங்க. என்னைக் காப்பாத்தினவளை எப்படி வெளிய விடுவீங்கன்னு கேட்டிருக்காங்க. உங்க செலவு முழுக்க இனி அவங்களோடது. இனிமே நீங்க முன்னோடி இல்லம்மா. பின்னாடி வர்றவங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தங்க போவாங்க. தலை சுத்தாது, வலிக்காது."

கொம்பையா அவர் காலில் விழாத குறை. நான் கையை நீட்டினேன். ஒட்டும்போது ஜில்லென்று இருந்தது.

"முன்னால போற அந்தப் பிள்ள யாரு?" என்றார் மதினி.

"சொல்லக் கூடாதும்மா. மேடத்தையும் இவங்களையும் பேச விட்டது தப்புன்னு இப்ப கம்பெனியில முடிவு பண்ணிட்டாங்க."

"எந்த ஊருன்னாவது?"

"வடக்குப் பக்கம். செங்கல் சூளைல வேலை."

"அவளுக்கு முன்னால யாரு போறா?"

கிருபா சிஸ்டர் ஒட்டுத்தாளைக் கசக்கிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். நான் மதினியின் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

"நம்மளத் தேடி வந்திருக்கு. வாங்கிக்கோட்டி" என்றார் மதினி.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் பஞ்சு மாதிரி இருந்தன. மறுபடி கம்பெனி அறையில் எழுந்து நடந்தேன். மகளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். வலியில்லாத தலை எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்தேன். என் அளவு கூடும்போதும் குறையும்போதும் கையில் பேட்ச் சின்னதாக அதிரும். முதலில் சில தடவை, அங்கே ஒருத்திக்கு நேற்று தலை பிளந்திருக்கும், அவள் தலை சுற்றிச் சூளைத் தரையில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். பிறகு அதிர்வதே தெரியவில்லை. மதினி ஊருக்குப் போகும்போது என் நெற்றியைத் தடவிப் பார்த்து, "தெளிஞ்சிட்ட" என்றார்.

ஒரு காலையில் பேட்சின் விளக்கு மஞ்சளாகிவிட்டது. முன்னோடித் தகவலுக்காகக் காத்திருக்கிறோம் என்று செய்தி. கொஞ்ச நேரத்தில் பின்மண்டையில் அது ஆரம்பித்தது. கொம்பையா ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். நான் கிருபா சிஸ்டருக்குப் போன் செய்தேன்.

"தெரியும்மா, பாத்துட்டேன். அந்தப் பொண்ணுகிட்டேர்ந்து சிக்னல் வரல."

"ஏன் சிஸ்டர்?"

"பேட்சைப் பிச்சிருக்கலாம். ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். சிலர் சொல்லாம போயிடுவாங்க."

"இல்லன்னா?"

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் ஒலி மட்டும் கேட்டது.

"நீங்க பதட்டப்படாதீங்க, பிரஷர் ஏறும். இன்னொருத்தங்க பொருந்தி வந்திருக்காங்க. அவங்களுக்கு பேட்ச் ஒட்டிக்கிட்டு இருக்காங்க."

அவளுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது போய்ப் பார்த்தார்களா, அவள் பிள்ளை யார் கையில் இருக்கிறது என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். பூச்சி பறந்தது. கொம்பையா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், தோளில் மகள்.

"எப்ப வரும் சிஸ்டர்?" என்றேன்.

"மத்தியானத்துக்குள்ள வந்துடும்."

அதற்கு முன்பே வந்துவிட்டது. விளக்கு பச்சையானது. "வந்துட்டு, வந்துட்டு" என்று கொம்பையா பிள்ளையைத் தூக்கிக் காட்டினார். நான் கண்ணை மூடிச் சாய்ந்தேன். வலி மெல்ல மெல்லக் கழுத்து வழியாக இறங்கியது. சிஸ்டர் இன்னும் லைனில்தான் இருந்தார். "இப்ப எப்படி இருக்கு?" என்றார். நல்லா இருக்கு என்றேன்.